முதலில் பாதாமி, பிறகு ஹம்பி: இளம் வழிகாட்டிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஐந்து நாள் பயணத் திட்டத்தைப் படித்தேன். முதன்முதலாக உன் சொந்தப் பொறுப்பில் ஒரு குழுவை வடகர்நாடகத்துக்கு அழைத்துப் போகிறாய் என்பதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. உன்னைப் போல இந்த வேலைக்கு வருகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஹம்பி, ஆனெகுந்தி, பாதாமி, பட்டடக்கல், ஐஹோளே, பீஜப்பூர் கோல்கும்பஸ், திரும்பும் வழியில் ஜோக் அருவி என்று எதையும் விடாமல் எழுதியிருக்கிறாய். பணம் கட்டுகிறவர்களுக்கு ஆசை காட்டுகிற பட்டியல்தான். ஆனால் நேரத்தைக் கூட்டிப் பார். உன்னை நம்பி வருகிறவர்கள் எந்த இடத்திலும் நின்று பார்க்கப் போவதில்லை. ஐந்து நாளும் வண்டியில் உட்கார்ந்துதான் இருப்பார்கள். பீஜப்பூர் தனியாகப் போகவேண்டிய ஊர். ஆதில்ஷாகிகளின் தலைநகரத்தைக் குவிமாடத்தின் எதிரொலிக்காக மட்டும் ஒரு மணி நேரம் எட்டிப் பார்ப்பது அந்த ஊருக்குச் செய்கிற நியாயம் ஆகாது. ஜோக் அருவிக்குப் போகவே ஒரு பகல் தேவை. நீ போவதோ டிசம்பர் கடைசியில். சராவதி ஆற்றின் நீரை மேலே லிங்கனமக்கி அணை பிடித்து வைத்திருப்பதால் மழைக்காலம் முடிந்த பிறகு அங்கே பாறைதான் பெரிதாகத் தெரியும். இரண்டையும் எடுத்துவிடு.

எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் பட்டது வேறொன்று. திட்டத்தில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறாய். ஒன்றில் ‘தொல்சின்னங்கள்’, இன்னொன்றில் ‘இயற்கைக் காட்சிகள்’. காலையில் கோயில், மாலையில் மலை என்று பிரித்து வைத்திருக்கிறாய். இந்த நிலத்தில் அப்படிப் பிரிக்கவே முடியாது. பாதாமியில் மலைதான் கோயில். ஹம்பியில் குன்றுகள்தான் கோட்டைச் சுவர். ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்கால்தான் நகரத்தின் உயிர். இந்த ஊர்கள் இங்கே ஏன் எழுந்தன என்று கேட்டால் பதில் கல்லிலும் நீரிலும் இருக்கிறது. அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு திட்டம் போடு. வரிசை தானாக அமையும்.

பாதாமி மலை செம்மணற்கல். ஏடு ஏடாகப் படிந்த பாறை. உளிக்கு இணங்கும், குடைந்த பிறகும் கூரை நிற்கும். ஆறாம் நூற்றாண்டில் சாளுக்கியர்கள் மலையையே குடைந்து குடைவரைகள் செய்தது அதனால்தான். ஹம்பியின் கல் கருங்கல். சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள அந்தப் பாறையை உளியால் குடைவது கடினம். ஆனால் துளையிட்டு ஆப்பு அடித்தால் நேர்கோட்டில் பிளக்கும். அதனால் அங்கே குடைவரை மரபு வளரவில்லை. தூண்களும் உத்திரங்களும் நெடும் மதில்களும் எழுந்தன. இந்த ஒரு வேறுபாட்டை முதல்நாளே உன் குழுவுக்குச் சொல்லிவிட்டால், மீதி நாள்களில் அவர்களே கல்லைத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள்.

இனி வரிசைக்கு வருகிறேன். ஏறக்குறைய எல்லாரும் ஹம்பியில் தொடங்கிப் பாதாமியில் முடிக்கிறார்கள். நீ அதைத் திருப்பிப் போடு. பெங்களூரில் இரவு ரயிலேறினால் காலையில் பாதாமியில் இறங்கலாம். ஸ்டேஷனிலிருந்து ஊர் ஐந்து கிலோமீட்டர். கடைசி நாள் இரவு ஹோஸ்பேட்டில் ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியற்காலையில் பெங்களூர். வண்டி வாடகையும் குறையும். இதற்குக் கால வரிசை ஒரு காரணம்: சாளுக்கியர் ஆறு முதல் எட்டாம் நூற்றாண்டு, விஜயநகரம் 1336 முதல் 1565 வரை. அதைவிட முக்கியமான காரணம் கண். ஹம்பியின் பிரம்மாண்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஐஹோளேயின் சிறு கோயில்கள் வெறும் கற்குவியலாகத் தெரியும். சின்னதை முதலில் நிதானமாகப் பார்க்கப் பழக்கிவிட்டால், பெரியதிலும் நுணுக்கத்தைத் தேடுவார்கள்.

பாதாமிக்கு ஒரு முழுநாள் கொடு. குடைவரைகள் நான்கும் தெற்குக் குன்றின் வடக்கு முகத்தில் இருக்கின்றன. குளிர்காலத்தில் வெயில் உள்ளே நேராக விழுவதில்லை என்பதால் பதினொரு மணிக்குப் போனாலும் நிழல்தான். ரயிலில் வந்த களைப்பு தீர, குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். முதல் குடைவரையின் வாசலிலேயே பதினெட்டுக் கை ஆடலரசன். மூன்றாவதுதான் பெரியது. அதில் சக ஆண்டு 500, அதாவது கி.பி. 578 என்று தேதியிட்ட கல்வெட்டு இருக்கிறது. மங்களேசன் தன் அண்ணன் கீர்த்திவர்மனின் காலத்தில் திருமாலுக்காக இதைச் செய்வித்தான். குடைந்த ஆண்டு இப்படித் துல்லியமாகத் தெரிவது அக்காலத்துக் குடைவரைகளில் அரிது. அந்த மண்டபத்தில் எல்லாரையும் கால் மணி நேரம் சும்மா உட்கார வை. நீயும் பேசாதே. தூண் போதிகைகளில் உள்ள காதலர் இணைகளையும், கூரை விளிம்பின் அடியில் மங்கிக் கிடக்கும் ஓவியத் துணுக்குகளையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். நீ விரலால் காட்டினால் ஒரு நொடி பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தாமாகக் கண்டதை விட்டு அவ்வளவு எளிதில் நகர மாட்டார்கள்.

சாயங்காலம் ஏரியைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரையில் பூதநாதர் கோயிலுக்குப் போ. மாலை வெயில் மேற்கிலிருந்து ஏரியைத் தாண்டி வந்து கோயிலிலும் அதற்குப் பின்னால் நிற்கும் செம்பாறையிலும் விழும். அந்த ஏரி ஊருக்காகத் தேக்கிய தண்ணீர். மூன்று பக்கம் செங்குத்துப் பாறை, நாலாவது பக்கம் கரை, மேலே கோட்டை. முதலாம் புலகேசி 543-இல் இந்த மலையைக் கோட்டையாக்கியது ஏன் என்பதை அங்கே நின்றால் குழந்தைக்கும் சொல்லிவிடலாம். குரங்குகள் மட்டும் கவனம். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் பிடுங்கிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிற குழு பாதாமி என்றதும் அதன் பழைய பெயரான வாதாபியைத்தான் கேட்கும். ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்கள் பலர் இருப்பார்கள். பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் 642-இல் நகரத்தைப் பிடித்ததற்குச் சான்றாக அவனுடைய சிதைந்த கல்வெட்டு அங்கே பாறையில் இருக்கிறது. அதைக் காட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் பெருமிதத்தை நீ தடுக்க வேண்டாம். ஆனால் கதையை அங்கே நிறுத்திவிடாதே. மறுநாள் பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலின் முன் அவர்களை நிறுத்தி மறுபாதியைச் சொல். சுமார் நூறு ஆண்டுக்குப் பிறகு சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். காஞ்சியை மூன்று முறை வென்றவன் என்று பட்டடக்கல் கல்வெட்டு அவனைச் சொல்கிறது. அந்த வெற்றியின் நினைவாக அவன் பட்டத்தரசி லோகமகாதேவி எழுப்பியதுதான் விருபாட்சர் கோயில். ஆனால் அவன் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கொள்ளையிடவில்லை. பார்த்துவிட்டுக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இன்றும் கைலாசநாதர் கோயிலில் இருக்கிறது. எழுபது கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் இருக்கிற நம் ஆட்களில் பலர் அதைப் பார்த்ததில்லை. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தவர்களைக் காஞ்சிக்கு அழைத்துப் போய்க் கைலாசநாதரைக் காட்டிவிட்டு வா. பட்டடக்கல்லில் நிற்கும்போது விமானத்தின் தளங்களையும் மாடங்களின் வரிசையையும் பார்த்து, ‘இது நம்ம காஞ்சி மாதிரியே இருக்கே’ என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். நீ ஒரு மணி நேரம் பேசிப் புரியவைக்க வேண்டியதை அந்த ஒரு வாக்கியம் புரியவைத்துவிடும்.

பட்டடக்கல்லுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடு. விருபாட்சரின் கிழக்கு வாசல் வழியாக வெயில் உள்ளே வரும். தூண்களில் ராமாயண, பாரதக் காட்சிகள் வரி வரியாக இருப்பதை அந்த வெளிச்சத்தில்தான் படிக்க முடியும். கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பி குண்டனின் பெயரை வாசலில் உள்ள கல்வெட்டு காப்பாற்றி வைத்திருக்கிறது. அரசர் பெயர்களைச் சொல்கிற மூச்சில் அவர் பெயரையும் சொல். அதே வளாகத்தில் வடநாட்டுச் சிகரமும் தென்னாட்டு விமானமும் அடுத்தடுத்து நிற்கின்றன. 1987-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்கு முக்கியக் காரணம் அந்த அண்மைதான். வெயில் ஏறியதும் மகாகூடத்துக்குப் போ. ஊற்று நீர் நிரம்பிய குளம், மர நிழல், நடுநடுவே சிறு கோயில்கள். மதியம் சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைச் சட்னிப் பொடி. தயிர் சாதம் இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு ஓட்டலில் முந்தைய நாளே சொல்லி வை.

மூன்றாம் நாள் மூட்டை முடிச்சோடு கிளம்பி ஐஹோளே. அங்கே எல்லாக் கோயிலையும் பார்க்க நினைக்காதே. நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ராவணபடிக் குடைவரை, தூங்கானை மாடம் போல வளைந்த முதுகுள்ள துர்க்கை கோயில், குன்றின் மேல் மேகுட்டி. மேகுட்டியில் 634-இல் ரவிகீர்த்தி என்ற சமணக் கவிஞர் வெட்டிவைத்த கல்வெட்டு இருக்கிறது. ஹர்ஷரை இரண்டாம் புலகேசி தோற்கடித்ததை அது சொல்கிறது. காளிதாசனையும் பாரவியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. காளிதாசன் எந்தக் காலத்தவர் என்ற நீண்ட விவாதத்தில் அறிஞர்களுக்குக் கிடைத்த உறுதியான எல்லைக்கோடு அந்தக் குன்றின் மேல் வெயிலில் நிற்கிற ஒரு கல்தான். படி ஏற முடியாதவர்களுக்குக் கீழே துர்க்கை கோயில் தோட்டத்தில் நிழல் இருக்கிறது. உன் உதவியாளை அவர்களோடு விட்டுவிட்டு நீ மேலே போ.

அங்கிருந்து இல்கல் வழியாக ஹோஸ்பேட். இல்கலில் புடவைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கு. ஒதுக்காவிட்டாலும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கடையில் உனக்குக் கமிஷன் கொடுப்பதாகச் சொல்வார்கள். வாங்காதே. ஒருமுறை வாங்கினாயானால், அதன் பிறகு நீ எந்தக் கோயிலைப் பற்றிச் சொன்னாலும் உன் வார்த்தைக்கு ஒரு படி மதிப்புக் குறைவுதான்.

ஹம்பிக்கு இரண்டு நாள். அதில் முதல் காலையை நடைக்கு வை. ஹம்பியின் விருபாட்சர் கோயில் திறந்ததும் உள்ளே போய்விடு. பின்பக்கத்தில் ஓர் இருட்டறைச் சுவரில் சிறு துளை. அதன் வழியாக ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக எதிர்ச்சுவரில் விழும். வெளியே வந்து தேர்வீதியின் கிழக்குக் கோடியில் உள்ள பெரிய நந்தியைப் பார்த்துவிட்டு, ஆற்றோரமாகக் கோதண்டராமர், அச்சுதராயர் கோயில், துலாபார வாசல் வழியாக விட்டலர் கோயில் வரை நடந்தே போகவேண்டும். வழி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இராது. அதற்கு மூன்று மணி நேரம் கொடு. வண்டியில் சுற்றிப் போய் விட்டலர் கோயில் கல்ரதத்தின் முன் படமெடுத்துக்கொண்டு திரும்பும் குழுக்கள் ஹம்பியின் அட்டையைப் பார்த்துவிட்டுப் போகின்றன.

அந்தப் பாதையில் ஓரிடத்தில் நீ நிற்கவேண்டும். பிளந்த பாறை ஒன்று கிடைக்காமல் போகாது, தேடு. அதன் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குச் சதுரக் குழிகள் ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில் போயிருக்கும். சில பாறைகளில் குழி மட்டும் இருக்கும், பாறை பிளந்திருக்காது. குழி வெட்டியவர் ஏதோ காரணத்தால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்திலேயே முழுப் பாறை, பிளந்த பாறை, பிளந்ததிலிருந்து எடுத்த தூண், அந்தத் தூண் நிற்கும் மண்டபம் என்று நாலும் ஒரே பார்வையில் தெரிகிற இடங்கள் ஹம்பியில் நிறைய உண்டு. மலை நகரமான கதை முழுவதும் அங்கே கண்முன் கிடக்கிறது. வயதானவர் ஒருவரை அந்தக் குழியில் விரல் வைத்துப் பார்க்கச் சொல். குன்றுகளில் அடுக்கி வைத்தாற்போல் நிற்கிற உருண்டைப் பாறைகளை எரிமலையும் கக்கவில்லை, பூகம்பமும் உருட்டவில்லை. விரிசல்களின் வழியே மழையும் வெயிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்து, நின்ற இடத்திலேயே அவற்றை அப்படி உருட்டிவிட்டன.

பாறைக்கு அடுத்தது வாய்க்கால். மேட்டில் மொட்டைப் பாறை. காலடியில் வாழைத் தோட்டமும் நெல் வயலும். இந்த மழை மறைவுப் பகுதியில் அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று கேள். விஜயநகர அரசர்கள் துங்கபத்திரையில் கட்டிய தடுப்பணைகளிலும் வாய்க்கால்களிலும் பல இன்றும் இயங்குகின்றன. துருத்து வாய்க்கால் இப்போதும் வயலுக்குத் தண்ணீர் தருகிறது. இடிந்த நகரம் என்று நாம் சொல்கிற இடத்தில் இடியாமல் வேலை செய்துகொண்டிருக்கிற பகுதி அது. உன் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. அரை மணி நேரம் வாய்க்கால் கரையில் நடக்க விடு.

கல்ரதத்தின் முன் நிற்கும்போது கையில் ஒரு பழைய படம் வைத்திரு. அலெக்சாண்டர் கிரீன்லா என்பவர் 1856-இல் ஹம்பியைப் படம் பிடித்தார். அதில் ரதத்தின் உச்சியில் செங்கல் விமானம் இருக்கிறது, இப்போது இல்லை. ரதம் ஒரே கல் அல்ல, பல கற்களைப் பொருத்திச் செய்தது என்பதையும் சொல். அந்த ரதத்தின் படம் உள்ள ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அதே கோயிலின் இசைத் தூண்களைத் தட்ட அனுமதி இல்லை. உன் குழுவில் ஒருவர் தட்டினாலும் பொறுப்பு உன்னுடையது. மதியம் கமலாபுரம் அருங்காட்சியகம். அங்கே ஹம்பிப் பள்ளத்தாக்கின் மாதிரி வடிவம் ஒன்று இருக்கிறது. காலையில் நடந்த வழியை அதில் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்கும் ஊர் வரைபடம் மனதில் பதியும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதற்கேற்றபடி நாளை அமைத்துக்கொள்.

இரண்டாம் நாள் அரச மையம். மகாநவமி மேடையின் மேல் ஏறியதும், 1520 வாக்கில் கிருஷ்ணதேவராயரின் நகரத்தைப் பார்த்த டோமிங்கோ பயஸ் எழுதிய நவராத்திரி வர்ணனையை வாசித்துக் காட்டு. பக்கத்தில் 1980-களில் அகழ்ந்தெடுத்த படிக்குளம். கறுப்புக் கற்களில் ஒவ்வொன்றும் எந்த வரிசையில் எந்த இடத்தில் பொருந்தவேண்டும் என்று சிற்பிகள் வெட்டிய குறிகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. ஹசார ராமர் கோயிலின் சுவர்களில் ராமாயணம். வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு ஹம்பியின் யாளித் தூண்கள் அந்நியமாகத் தோன்றாது. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் இந்த நகரத்தின் ஆளுநர்களாகத் தொடங்கியவர்கள்தானே.

இங்கேதான் உன் நாக்குக்குப் பெரிய சோதனை வரும். 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு நகரம் அழிந்த கதையை எப்படிச் சொல்லப் போகிறாய்? உடைந்த சிலைகளைக் காட்டி ஒரு மதத்தின்மேல் இன்னொரு மதத்துக்குக் கோபம் மூட்டுவது மிக எளிது, கைதட்டலும் கிடைக்கும். அதைச் செய்யாதே. தக்காண சுல்தான்கள் சேர்ந்து வந்ததையும், நகரம் சூறையாடப்பட்டதையும், கோயில்கள் இடிக்கப்பட்டதையும் மறைக்காமல் சொல். அதோடு, விஜயநகரத்தை ஆண்ட ராமராயர் பல ஆண்டுகள் அந்தச் சுல்தான்களை ஒருவருக்கொருவர் எதிராக மோதவிட்ட அரசியலையும் சொல். விஜயநகரப் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்ததைச் சொல். இரண்டாம் தேவராயரின் அதிகாரியான அகமது கான் 1439-இல் கட்டிய மசூதி ஹம்பியிலேயே இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்து. தாமரை மகாலின் வளைவுகளையும் யானைக் கொட்டாரத்தின் குவிமாடங்களையும் பார்த்தால், அந்த அரசர்கள் எங்கிருந்தெல்லாம் அழகை எடுத்துக்கொண்டார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். விருபாட்சர் கோயிலில் பூசை அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. கல்வெட்டு சொல்வதை மட்டும் சொன்னாலே கதை போதுமான அளவுக்குப் பெரியது.

புராணத்துக்கும் இதே நேர்மை வேண்டும். ஆனெகுந்திப் பக்கம் கிஷ்கிந்தை என்றும், அஞ்சனாத்ரி அனுமன் பிறந்த மலை என்றும் மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்புகிறார்கள். ‘மக்கள் இப்படி நம்புகிறார்கள்’ என்று மரியாதையோடு சொல். சான்று வேறு, நம்பிக்கை வேறு. இரண்டையும் கலக்காமல் சொன்னால் இரண்டு தரப்பாரும் உன்னை மதிப்பார்கள்.

மாலையில் தரோஜி கரடிச் சரணாலயம். பார்வை மேடையிலிருந்து கரடிகள் குன்றிலிருந்து இறங்குவதைப் பார்க்கலாம். வனத்துறை பாறைகளில் வெல்லம் கலந்த உணவைத் தடவி வைப்பதால்தான் அவை அந்த நேரத்துக்கு வருகின்றன என்பதையும் சொல்லிவிடு. துங்கபத்திரையின் ஒரு நீண்ட பகுதி நீர்நாய்களுக்கான காப்பகமாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. பரிசலில் போகும்போது ஓட்டுகிறவரிடம் தட்டாமாலை சுற்றச் சொல்லிக் கத்தாமல் கரையோரமாக மெல்லப் போகச் சொன்னால் நீர்நாய் கண்ணில் படவும் வாய்ப்பு உண்டு. அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் பரிசல் ஓடாது. அதற்கு மாற்றாக ஹேமகூடக் குன்றில் சூரிய அஸ்தமனத்தை வைத்துக்கொள். சனாப்பூர் ஏரியில் யாரையும் இறங்க விடாதே. ‘காலை மட்டும் நனைக்கிறேன்’ என்பவரையும் விடாதே.

மாதங்க மலையில் சூரிய உதயம் போட்டிருக்கிறாய். நல்ல காட்சி. ஆனால் இருட்டில் ஒழுங்கற்ற படிகளில் ஏறவேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அதே நேரத்தில் ஹேமகூடச் சரிவை ஏற்பாடு செய். ‘முடியாதவர்கள் அறையிலேயே இருங்கள்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை அடித்துவிடு. காசு கட்டி வந்தவரை அறையில் உட்காரவைக்கிற திட்டம் திட்டமே அல்ல.

உடம்பைப் பற்றி இன்னும் சில. ஆற்றோர நடையில் கழிப்பறை கிடையாது என்பதைக் கிளம்பும்முன் எல்லார் காதிலும் விழும்படி சொல். பெண்கள் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்குவார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு, என்ன மாத்திரை என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வை. வழிபாடு நடக்கும் கோயில்களில் செருப்பைக் கழற்றவேண்டும்; மதியக் கல்லில் கால் வெந்துவிடும், காலுறை எடுத்துவரச் சொல். டிரைவருக்கு உங்களோடு சாப்பாடும், படுக்க ஒரு கட்டிலும், ஏழு மணி நேரத் தூக்கமும் கொடு. பேட்டாவைக் கடைசி நாள்வரை இழுக்காதே. ஜனவரிப் பௌர்ணமியை ஒட்டிப் பாதாமியில் பனசங்கரி ஜாத்திரை. ஹம்பி உத்சவத்தின் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். இரண்டு சமயத்திலும் அறை கிடைக்காது. உன் தேதிகளை இன்றைக்கே சரிபார்.

கல்லையும் காப்பாற்றவேண்டும். சில இளைஞர்கள் ஹம்பியில் ஒரு தூணைத் தள்ளி விழவைத்து எடுத்த வீடியோ 2019-இல் பரவியது. அவர்கள் பிடிபட்டு, அபராதம் கட்டி, அந்தத் தூணைத் தாங்களே நிமிர்த்தி வைக்கும்படி ஆனது. 2024 மே மாத மழையில் விருபாட்சர் கோயில் தேர்வீதியில் மண்டப வரிசையின் ஒரு பகுதி சரிந்தது. இந்தச் சின்னங்கள் பார்ப்பதற்கு அசையாத பாறைகள் போல இருந்தாலும் பல இடங்களில் ஒரு கல்லின்மேல் இன்னொரு கல் வெறும் எடையால் நிற்கிறது. குழுப் படத்துக்காக யாரும் பீடத்தில் ஏறக் கூடாது, தூணில் சாயக் கூடாது. முதல் நாள் காலையில் ஒருமுறை கண்டிப்பாகச் சொல்லிவிடு. பிறகு பார்வையே போதும்.

கடைசியாக ஒன்று. திட்டத்தில் உள்ளூர் வழிகாட்டிக்குப் பணம் ஒதுக்கவில்லை. ‘நானே விளக்கிக்கொள்வேன்’ என்று குறித்திருக்கிறாய். நீ நன்றாகப் படித்தவன், எனக்குத் தெரியும். ஆனாலும் பாதாமிக்கு ஒருவர், ஹம்பிக்கு ஒருவர் என்று சுற்றுலாத் துறை அங்கீகரித்த உள்ளூர் வழிகாட்டிகளை வைத்துக்கொள். எந்தப் படி நேற்றைய மழையில் வழுக்கும், எந்தக் கோயில் பூட்டின் சாவி யாரிடம், எந்தப் பரிசல்காரரை நம்பலாம் என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காது. 2011-இல் ஹம்பித் தேர்வீதி மண்டபங்களில் குடியிருந்த குடும்பங்களும் கடைகளும் அப்புறப்படுத்தப்பட்டன. சின்னத்தைக் காப்பது அவசியம்தான். ஆனால் அந்தச் சின்னங்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்கள் அதிலிருந்து பிழைக்கவும் வழி இருக்கவேண்டும். நாம் அங்கே இரண்டு நாள் விருந்தாளிகள். உள்ளூர் வழிகாட்டி கன்னடத்தில் சொல்வதை நீ தமிழில் சொல். நடுவில் திருத்தாதே, வேறுபாடு இருந்தால் இரவுச் சாப்பாட்டின்போது குழுவிடம் பேசிக்கொள்ளலாம். அவருடைய கூலியை அன்றன்றைக்கே, பேரம் பேசாமல், கையில் கொடு.

அன்புடன்,
உன் அக்கா